டிசைன் கோப்புகளுக்குப் பிடிஎம்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும் வரும் கேள்விகள்

ஐந்திலிருந்து முப்பது டிசைனர்கள் வரை வைத்திருக்கும் நிறுவனங்களை மனதில் வைத்து எழுதியது இது. கோவையில் பம்பும் ஸ்பெஷல் பர்பஸ் மெஷினும் செய்பவர்கள், ஓசூர், அம்பத்தூர் பக்கம் ஜிக், ஃபிக்சர், ஷீட் மெட்டல் வேலை செய்பவர்கள் எனப் பலரும் சாலிட்வொர்க்ஸ், இன்வென்டர் போன்ற கேட் (கம்ப்யூட்டரில் டிசைன் வரையும்) மென்பொருளில் வரைந்து, சர்வரில் ஒரு பொது ஃபோல்டரில் போட்டு வைத்துக் காலத்தை ஓட்டுகிறார்கள். அவர்கள் அடுத்த படிக்குப் போக நினைக்கும்போது கேட்கிற கேள்விகள்தான் இங்கே இருக்கின்றன. டீம்சென்டர், விண்ட்சில் போன்ற பெரிய மென்பொருள்கள் அளவுக்குப் போகும் பெரிய நிறுவனங்களின் கதை வேறு. அதை இங்கே தொடவில்லை.

பிடிஎம் என்பது என்ன? பொது ஃபோல்டர் செய்யாத எதை அது செய்யும்?

பிராடக்ட் டேட்டா மேனேஜ்மென்ட் என்பதன் சுருக்கம். டிசைன் கோப்புகளை வால்ட் என்ற பூட்டிய கிடங்கில் வைத்து, யார் எதை எப்போது மாற்றினார்கள், எந்த டிராயிங் இப்போது செல்லுபடியாகும் என்று கணக்கு வைக்கும் மென்பொருள்.

வேர்டு, எக்செல் கோப்புகளுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. கேட் கோப்புகளுக்கு ஏன் தேவை என்றால், அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. ஒரு மெஷினின் அசெம்ப்ளி கோப்பைத் திறந்தால் 400 பார்ட் தெரியும். ஆனால் அந்த 400 பார்ட்டும் அந்தக் கோப்புக்குள் இல்லை. எந்தப் பார்ட் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முகவரிதான் இருக்கிறது. யாரோ ஒருவர் விண்டோஸில் ஒரு பார்ட்டின் பெயரை மாற்றினால் அசெம்ப்ளி திறக்கும்போது 'கோப்பு காணோம்' என்று கேட்கும். அது கேட்டால்கூடப் பரவாயில்லை. வேறு ஃபோல்டரில் அதே பெயரில் இருக்கும் இன்னொரு பிராக்கெட்டை எடுத்து சத்தமில்லாமல் போட்டுக்கொள்வதும் நடக்கும். சாலிட்வொர்க்ஸில் ஒரே பெயருள்ள இரண்டு வேறு கோப்புகளை ஒரே நேரத்தில் திறந்து வைக்கவே முடியாது. முதலில் திறந்தது எதுவோ அதுதான் எல்லா இடத்திலும் உட்காரும்.

பிடிஎம் இந்த உறவுகளை டேட்டாபேஸில் வைத்திருக்கிறது. வால்ட்டுக்குள் பெயரை மாற்றினால், அதைப் பயன்படுத்தும் அசெம்ப்ளிகளிலும் டிராயிங்குகளிலும் முகவரி தானே திருந்திக்கொள்ளும். 'இந்த ஷாஃப்ட் எந்தெந்த மெஷினில் ஓடுகிறது?' என்று கேட்டால் ஒரு கிளிக்கில் பட்டியல் வரும். சீனியர் டிசைனரின் தலைக்குள் மட்டும் இருந்த விஷயம் இது. ஒரு பார்ட்டை மாற்றுவதற்கு முன் இந்தப் பட்டியலைப் பார்க்கும் பழக்கம் வந்தாலே பணம் திரும்பி வந்த மாதிரிதான்.

கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ், கிட் எதுவும் போதாதா?

டிரைவும் டிராப்பாக்ஸும் கோப்பைக் காப்பி எடுத்து வைக்கும், அவ்வளவுதான். இரண்டு பேர் ஒரே பார்ட்டை ஒரே நேரத்தில் மாற்றினால் 'கான்ஃபிளிக்ட்' என்று இன்னொரு பிரதி முளைக்கும். எது சரியானது என்று ஆள்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கிட் அருமையான கருவி, ஆனால் புரோகிராம் எழுதுபவர்களுக்கு. வரிவரியாக உரை இருந்தால் இரண்டு பேர் செய்த மாற்றத்தையும் சேர்த்துவிடும். பைனரியான, அதாவது உரையாகப் படிக்க முடியாத, ஒரு பார்ட் கோப்பில் அது நடக்காது. பெரிய கோப்புகளுக்கான கிட்டின் எல்எஃப்எஸ் இணைப்பில் கோப்பைப் பூட்டும் வசதி உண்டு என்றாலும், அசெம்ப்ளிக்கும் பார்ட்டுக்கும் உள்ள உறவு அதற்குத் தெரியாது.

இலவச இணையச் சேவைகளை நம்பும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். கிராப்கேட் ஒர்க்பெஞ்ச் என்ற சேவையைப் பலர் சின்ன பிடிஎம் போலப் பயன்படுத்தினார்கள். 2023-ல் அதை மூடிவிட்டார்கள்.

நாங்கள் நாலே பேர். எங்களுக்குத் தேவையா?

தலையை எண்ணாதீர்கள். ஒரு பார்ட்டை எத்தனை மெஷின் பகிர்கிறது, ஒரு டிராயிங் எத்தனை வெளி ஆட்கள் கைக்குப் போகிறது என்று பாருங்கள். நாலு பேரும் ஒரே பம்பு வரிசையில் மாறி மாறிக் கை வைக்கிறார்கள், காஸ்டிங் ஒருவரிடம், மெஷினிங் இன்னொருவரிடம் போகிறது என்றால் தேவை. ஒவ்வொருவரும் தனித்தனி ஃபிக்சர் செய்து, அது டெலிவரியோடு முடிந்துவிடுகிறது என்றால் ஒழுங்கான ஃபோல்டர் முறையே போதும்.

எந்த மென்பொருளை வாங்கலாம்?

உங்கள் கேட் மென்பொருளை விற்கும் நிறுவனத்துடையதையே முதலில் பாருங்கள். சாலிட்வொர்க்ஸ் என்றால் சாலிட்வொர்க்ஸ் பிடிஎம், இன்வென்டரும் ஆட்டோகேடும் என்றால் ஆட்டோடெஸ்க் வால்ட். மேலே சொன்ன கோப்பு உறவுகளை உள்ளே புகுந்து படிப்பது சொந்த வீட்டு மென்பொருளுக்குத்தான் சுலபம். மூன்றாவது ஆளுடையதை வாங்கினால், ஒவ்வொரு வருடமும் கேட் புது வெர்ஷன் வரும்போது இணைப்பு வேலை செய்யுமா என்று காத்திருக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சாலிட்வொர்க்ஸின் ப்ரொஃபஷனல், பிரீமியம் டெஸ்க்டாப் லைசென்ஸ்களோடு பிடிஎம் ஸ்டாண்டர்டு சேர்ந்தே வருகிறது. பல கம்பெனிகளில் அதை இன்ஸ்டால்கூடச் செய்யாமல் வருடாவருடம் சந்தா மட்டும் கட்டுகிறார்கள். இன்வென்டரோடு வால்ட் பேசிக் வருகிறது. ஆனால் பேசிக்கில் செக் அவுட் (திருத்துவதற்காகக் கோப்பைத் தன் பெயரில் எடுப்பது), செக் இன் (திருத்தியதைத் திரும்ப வால்ட்டில் வைப்பது), வெர்ஷன் கணக்கு இவற்றோடு சரி. 'ரிலீஸ் ஆனது', 'திருத்தத்தில் இருக்கிறது' என்று நிலை வைக்கவும் ரிவிஷன் நடத்தவும் வால்ட் ப்ரொஃபஷனல் வேண்டும்.

இன்னும் கேட் மென்பொருளே முடிவு செய்யாதவர்கள் ஆன்ஷேப்பையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். அங்கே கோப்பு என்ற ஒன்றே கிடையாது. டிசைன் முழுவதும் அவர்கள் சர்வரில், பிரவுசருக்குள். பிடிஎம் வேலை அதற்குள்ளேயே அடங்கிவிட்டது. 2019-ல் பிடிசி நிறுவனம் அதை வாங்கியது. இணையம் போனால் வேலை நின்றுவிடும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

பிடிஎம் ஸ்டாண்டர்டு போதுமா, ப்ரொஃபஷனலா?

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். சாலிட்வொர்க்ஸ் ப்ரொஃபஷனல் என்பது கேட், பிடிஎம் ப்ரொஃபஷனல் என்பது தனியாக வாங்குவது. கொட்டேஷனில் இதை இரண்டு முறை படியுங்கள்.

ஸ்டாண்டர்டில் ஒரே ஒரு வொர்க்ஃப்ளோதான் (டிராயிங் ஒப்புதலுக்குப் போகும் வழி) வைக்க முடியும். அது மைக்ரோசாஃப்ட்டின் இலவச டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் எக்ஸ்பிரஸ் மேல் ஓடும். 2022 வரையிலான எக்ஸ்பிரஸில் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி எல்லை உண்டு. இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கோப்புகள் டேட்டாபேஸுக்குள் போவதில்லை, தனி ஆர்கைவ் ஃபோல்டரில் இருக்கும். டேட்டாபேஸில் இருப்பது விவரம் மட்டும். இரண்டு ஊரில் அலுவலகம், பிரவுசர் வழியாகப் பார்க்க வேண்டும், டிசைனுக்கு ஒரு வழி, டூல் ரூமுக்கு வேறொரு அப்ரூவல் வழி என்று வரும்போது ப்ரொஃபஷனலுக்குப் போகலாம். ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும் பத்துப் பேருக்கு ஸ்டாண்டர்டில் ஆரம்பிப்பதே என் யோசனை.

வெர்ஷன், ரிவிஷன் இரண்டும் ஒன்றா?

இல்லை. டிசைனர் ஒவ்வொரு முறை செக் இன் செய்யும்போதும் வெர்ஷன் ஏறும், அது உள் கணக்கு. ஷாப் ஃப்ளோருக்குத் தெரிய வேண்டியது ரிவிஷன். அப்ரூவ் ஆகி வெளியே போகும்போதுதான் அது ஏறும். 23 வெர்ஷன் தாண்டியும் ரிவிஷன் 'ஏ' ஆகவே இருக்கலாம். எழுத்தில் ரிவிஷன் வைப்பவர்கள் டிராயிங் ரிவிஷனுக்கான அமெரிக்கத் தரநிலை ஏஎஸ்எம்இ ஒய்14.35 சொல்வது போல ஐ, ஓ, க்யூ, எஸ், எக்ஸ், இசட் ஆகிய ஆறையும் தவிர்த்துவிடுவது நல்லது. எண்ணெய்க்கறை படிந்த டிராயிங்கில் ஐயும் ஒன்றும், ஓவும் பூஜ்யமும் ஒரே மாதிரிதான் தெரியும்.

பார்ட் நம்பரை எப்படி வைப்பது?

இந்த ஒரு கேள்விக்காக மாதக்கணக்கில் மீட்டிங் போடும் இடங்கள் உண்டு. முதல் இரண்டு இலக்கம் மெஷின் வகை, அடுத்தது மெட்டீரியல், அடுத்தது ஷாஃப்ட்டா பிளேட்டா என்று அர்த்தமுள்ள நம்பர் அமைப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். இரண்டே வருடத்தில் ஒரு இலக்கத்தில் பத்தாவது வகை வந்து நிற்கும். எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304-ல் செய்ததை 316-க்கு மாற்றினால் நம்பர் பொய் சொல்ல ஆரம்பிக்கும். ஒரு மெஷினுக்கு வரைந்த பிராக்கெட்டை வேறு மெஷினில் போட்டால், பழைய மெஷினின் பெயரைச் சுமந்துகொண்டு அங்கே நிற்கும்.

வெறும் வரிசை எண் வையுங்கள். பிடிஎம்மே அடுத்த எண்ணை எடுத்துக் கொடுக்கும், இரண்டு பேருக்கு ஒரே எண் போகாது. மெட்டீரியல், வகை, வாடிக்கையாளர் எல்லாம் டேட்டா கார்டில் (ஒவ்வொரு கோப்புக்கும் உள்ள விவரப் படிவம்) தனித்தனிக் கட்டமாக இருக்கட்டும். தேடுவதற்கு அதுதான் வசதி. 'நம்பரைப் பார்த்தாலே பார்ட் தெரிய வேண்டும்' என்று ஸ்டோர்ஸில் இருப்பவர் சொல்வார். அவருக்கு விளக்கப் பெயரையும் சேர்த்து அச்சடித்துக் கொடுத்தால் கொஞ்ச நாளில் பழகிவிடுவார்.

எப்போது புது நம்பர், எப்போது ரிவிஷன் மட்டும்? புதியதை எடுத்துப் பழைய இடத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் மாட்ட முடியுமா, பழையது செய்த வேலையை அது செய்யுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் ரிவிஷன். முடியாது என்றால் புது நம்பர். இந்த விதியில் விட்டுக்கொடுத்தால் ஸ்டோர்ஸில் ஒரே நம்பரில் மாட்டக்கூடியதும் மாட்டாததும் ஒரே பெட்டியில் கிடக்கும். ஸ்பேர் கேட்டு வாடிக்கையாளர் கூப்பிடும்போதுதான் வலி தெரியும்.

அப்ரூவல் வொர்க்ஃப்ளோ எவ்வளவு விரிவாக இருக்க வேண்டும்?

முடிந்த அளவு குட்டையாக. பிடிஎம் திட்டங்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், மென்பொருளில் இல்லை.

மென்பொருள் கைக்கு வந்த உற்சாகத்தில் பன்னிரண்டு நிலை வரைவார்கள். டிசைன், செக்கிங், டிசைன் ஹெட், புரொடக்‌ஷன், குவாலிட்டி, பர்ச்சேஸ் எல்லோரும் ஒப்புதல் தர வேண்டும். முதல் மாதம் ஓடும். அப்புறம் பர்ச்சேஸ் மேனேஜர் லீவு, டிராயிங் அவர் பெட்டியில் தூங்கும், லேசர் கட்டிங் ஆள் போனில் கத்துவார். உடனே டிசைனர் வாட்ஸப்பில் பிடிஎஃப் அனுப்புவார். ஒருமுறை அந்த வழி திறந்துவிட்டால் மூடுவது கஷ்டம்.

ஆரம்பத்தில் ஐந்து நிலை போதும்: வேலை நடக்கிறது, பரிசீலனை, ரிலீஸ், திருத்தத்தில், வழக்கொழிந்தது. பரிசீலிப்பவர் ஒருவர், அவர் இல்லாதபோது கையெழுத்திட இன்னொருவர். ரிலீஸ் ஆனதை யாருமே மாற்ற முடியாது, முதலாளியே கேட்டாலும். மாற்ற வேண்டும் என்றால் 'திருத்தத்தில்' என்ற நிலைக்குக் கொண்டுவந்து, என்ன காரணம் என்று ஒரு வரி எழுதித்தான் ஆக வேண்டும். காரணம் எழுதும் அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்குங்கள். மூன்று வருடம் கழித்து 'இந்த ஓட்டையை ஏன் 12-லிருந்து 14 ஆக்கினோம்?' என்று யாராவது கேட்கும்போது பதில் அங்கேதான் இருக்கும்.

மென்பொருள் வருவதற்கு முன்பே, காகிதத்தில், 'இந்த டிராயிங் போகலாம்' என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று முடிவு செய்யுங்கள். அதற்கு உங்கள் அலுவலகத்தில் மூன்று பேர் மூன்று பதில் சொன்னால், லைசென்ஸ் வாங்குவதை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள்.

பத்து வருடக் கோப்புகளையும் வால்ட்டில் ஏற்ற வேண்டுமா?

வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தள்ளிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 'பிளேட்1', 'பார்ட்5', 'பேஸ்_ஃபைனல்_புதுசு_கரெக்‌ஷன்' என்று கிடப்பவை வால்ட்டுக்குள் போனாலும் அதே குப்பைதான். வித்தியாசம், இனி அதற்கு முறையான வரலாறும் இருக்கும்.

இப்போது ஓடும் மாடல்களையும் ஸ்டாண்டர்டு பார்ட்களையும் முதலில் ஏற்றுங்கள். பழைய ஃபோல்டரை எல்லோருக்கும் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். பழைய மெஷினுக்கு ஆர்டர் வந்தால் அதை அப்போது சுத்தம் செய்து ஏற்றலாம். பாதிக்கு மேல் தொடவே வேண்டியிருக்காது. பூட்டுவது முக்கியம். பழைய ஃபோல்டரில் எழுத முடிந்தால் டிசைனர்கள் அங்கேயே இருப்பார்கள்.

ஏற்றுவதற்கு முன் ஒரே பெயருள்ள கோப்புகளைத் தேடிப் பிரியுங்கள். பெயர் ஒன்று, உள்ளே வேறு என்றால் புது எண் கொடுக்க வேண்டும். ஒரே பார்ட்டின் ஐந்து காப்பி என்றால் எது உண்மையானது என்று ஷாப் ஃப்ளோரில் கடைசியாகச் செய்த பார்ட்டை அளந்துதான் சில சமயம் முடிவு செய்ய முடியும். வேலை எரிச்சலானது. இதை ட்ரெயினி பையனிடம் தள்ளிவிடாமல், மெஷின் தெரிந்த சீனியரைக் கூட உட்கார வையுங்கள்.

போல்ட், நட்டு, டூல்பாக்ஸ்?

டூல்பாக்ஸ் என்பது சாலிட்வொர்க்ஸில் போல்ட், நட்டு போன்றவற்றின் ரெடிமேட் தொகுப்பு. ஒரே டூல்பாக்ஸை வால்ட்டுக்குள் வைத்து எல்லோர் கம்ப்யூட்டரையும் அதை நோக்கித் திருப்புங்கள். ஆளுக்கொரு டூல்பாக்ஸ் இருந்தால் எம்8 போல்ட் ஒருவர் திரையில் எம்10 ஆக மாறி நிற்கும்.

சர்வரும் பேக்கப்பும் எப்படி?

பத்துப் பேருக்குப் பெரிய சர்வர் தேவையில்லை. ஆனால் யாரோ ஒருவர் வரைந்துகொண்டிருக்கும் கம்ப்யூட்டரையே சர்வர் ஆக்காதீர்கள். தனிப் பெட்டி, எஸ்எஸ்டி, ஒழுங்காக அணைந்து ஓயும் அளவுக்கு யுபிஎஸ். டேட்டாபேஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதுதான் நம் ஊரில் முதல் எதிரி. ஒவ்வொரு வெர்ஷனும் முழுக் கோப்பாகச் சேமிக்கப்படுவதால் டிஸ்க் நினைத்ததைவிட வேகமாக நிறையும். அதற்கும் இடம் விட்டு வாங்குங்கள்.

பேக்கப்பில் பலர் சறுக்குவது இப்படி: ஐடி ஆள் ஆர்கைவ் ஃபோல்டரைத் தினமும் காப்பி எடுப்பார், எஸ்க்யூஎல் டேட்டாபேஸை மறந்துவிடுவார். ஆர்கைவுக்குள் கோப்புகள் உங்களுக்குத் தெரிந்த பெயரிலோ ஃபோல்டரிலோ இருக்காது. எது எந்த பார்ட் என்று டேட்டாபேஸுக்குத்தான் தெரியும். டேட்டாபேஸ் இல்லாத ஆர்கைவ் பூட்டிய பெட்டி, ஆர்கைவ் இல்லாத டேட்டாபேஸ் வெறும் பட்டியல். இரண்டையும் ஒரே இரவில், அடுத்தடுத்து எடுக்க வேண்டும். ஒரு பிரதி கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும், ரான்சம்வேர் காலம் இது. வருடத்துக்கு ஒருமுறையாவது வேறொரு கம்ப்யூட்டரில் உண்மையிலேயே மீட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. செக் அவுட் செய்த கோப்பு டிசைனரின் சொந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது. செக் இன் செய்யும் வரை அந்த மாற்றம் சர்வருக்கும் போகாது, பேக்கப்புக்கும் போகாது. வேலை முடியாவிட்டாலும் மாலையில் செக் இன் செய்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். வெர்ஷன் ஏறுவதால் யாருக்கும் நஷ்டமில்லை.

சென்னையிலும் கோவையிலும் அலுவலகம். விபிஎன் (இரண்டு அலுவலக நெட்வொர்க்கையும் இணையம் வழியாக இணைப்பது) போட்டால் ஓடுமா?

ஓடும், மெதுவாக. இணைய வேகத்தைக் கூட்டினாலும் பெரிதாக மாறாது. காரணம், ஒவ்வொரு கிளிக்குக்கும் டேட்டாபேஸோடு பலமுறை போய் வர வேண்டியிருக்கிறது, தூரத்தால் ஒவ்வொரு முறையும் தாமதம் சேரும். பிடிஎம் ப்ரொஃபஷனலில் கோப்புகளின் பிரதியை இரண்டாவது ஊரில் வைக்கலாம், டேட்டாபேஸ் ஒரே இடத்தில்தான். ஒன்றிரண்டு பேர்தான் வெளியூர் என்றால், தலைமை அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து ரிமோட் டெஸ்க்டாப்பில் வேலை செய்வது மலிவும் வேகமும்.

எல்லோரும் ஒரே கேட் வெர்ஷனில் இருக்க வேண்டுமா?

ஆம். புது வெர்ஷனில் ஒருவர் சேமித்தால் பழையது வைத்திருப்பவர் அதில் வேலை செய்ய முடியாது. சாலிட்வொர்க்ஸ் 2024-லிருந்து இரண்டு வெர்ஷன் பின்னால் சேமிக்கும் வசதி வந்திருக்கிறது, அதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இது பெரியவர்களையும் கவிழ்த்த விஷயம். ஏர்பஸ் ஏ380 விமானத்துக்கு ஜெர்மனியில் ஹாம்பர்க் குழு கேட்டியா என்ற கேட் மென்பொருளின் வி4-ல் வரைந்தது, பிரான்ஸில் துலூஸ் குழு வி5-ல். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஒயரிங் கொண்ட அந்த விமானத்தில் கேபிள்களைப் பொருத்தப் போனபோது நீளம் போதவில்லை. 2006-ல் தாமத அறிவிப்பு மேல் அறிவிப்பு வந்தது. முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது 2007 அக்டோபரில். வெர்ஷன் மாற்றும் தேதியை முடிவு செய்யும் அதிகாரம் ஒருவரிடம் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட விலை உயர்ந்த உதாரணம் கிடைக்காது.

ஐஎஸ்ஓ ஆடிட்டுக்கு உதவுமா?

நன்றாகவே. ஐஎஸ்ஓ 9001:2015-ல் 7.5 ஆவணக் கட்டுப்பாடு, 8.3.6 டிசைன் மாற்றம். இரண்டுக்கும் ஆடிட்டர் கேட்பது யார் ஒப்புதல் தந்தார், எப்போது, பழையது எங்கே என்பதுதான். வால்ட்டில் ஹிஸ்டரியைத் திறந்து காட்டலாம். பிடிஎம் இருந்தே ஆக வேண்டும் என்று ஐஎஸ்ஓ எங்கும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லி விற்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை.

வெளியே ஜாப் ஒர்க் செய்பவர்களுக்கு டிராயிங் எப்படிப் போக வேண்டும்?

ரிலீஸ் ஆன பிடிஎஃப் மட்டும், நம்பரும் ரிவிஷனும் கோப்பின் பெயரிலேயே இருக்கும்படி. லேசருக்கு டிஎக்ஸ்எஃப், சிஎன்சிக்கு ஸ்டெப் கோப்பு அனுப்பினால் அவற்றுக்கும் அதே ரிவிஷன் பெயர். பர்ச்சேஸ் ஆர்டரிலும் ரிவிஷனை அச்சிடுங்கள். அம்பத்தூரில் இருக்கும் வெண்டரின் மேஜை டிராயரில் கிடக்கும் போன வருட பிரிண்டை எந்த மென்பொருளும் போய்க் கிழிக்காது. ஆர்டரில் 'ரிவிஷன் சி' என்று இருந்தால்தான் அவர் தன் கையில் உள்ள 'பி'யைப் பார்த்துக் கூப்பிடுவார்.

ஈஆர்பி (கொள்முதல், ஸ்டாக், கணக்கு எல்லாம் நடத்தும் மென்பொருள்), டாலியோடு இணைக்கலாமா?

முதல் வருடம் வேண்டாம். பிஓஎம்மை, அதாவது மெஷினின் பார்ட் பட்டியலை, எக்செல்லாக எடுத்துக் கொடுங்கள். அது தப்பில்லாமல் வர ஆரம்பித்த பிறகு இணைப்பைப் பற்றிப் பேசலாம்.

டிசைனர்கள் முரண்டு பிடித்தால்?

பிடிப்பார்கள், அதில் நியாயமும் உண்டு. முன்பு சேமித்தால் முடிந்தது, இப்போது கூடுதலாக இரண்டு கிளிக், ஒரு கார்டு. அந்தக் கார்டில் பதினெட்டுக் கட்டம் நிரப்பச் சொன்னால் எல்லாவற்றிலும் புள்ளி வைத்துவிட்டுப் போவார்கள். நாலைந்து கட்டத்தோடு நிறுத்துங்கள். ஒரே ஒரு மெஷினை எடுத்து, இரண்டு டிசைனர்களை வைத்து முதலில் ஓட்டுங்கள். அவர்களில் ஒருவர் அதிகம் குறை சொல்பவராக இருப்பது நல்லது. அவர் ஒப்புக்கொண்டால் மற்றவர்களிடம் நீங்கள் பேச வேண்டியிருக்காது.

செக் அவுட் செய்துவிட்டு ஒருவர் லீவில் போய்விட்டார். அவசரம். என்ன செய்வது?

அட்மின் உரிமை உள்ளவர் அந்தச் செக் அவுட்டை ரத்து செய்யலாம். ஆனால் ரத்து செய்தால் வால்ட்டில் இருக்கும் கடைசி வெர்ஷன்தான் மிஞ்சும், அவர் செய்த மாற்றம் அதில் இருக்காது. அதனால் முதலில் அவருக்குப் போன் போட்டு எதுவரை முடித்தார் என்று கேளுங்கள். அவர் கம்ப்யூட்டரைத் திறந்து அந்தக் கோப்பை வால்ட்டுக்கு வெளியே ஒரு ஃபோல்டரில் காப்பி எடுத்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு ரத்து செய்யுங்கள்.